புல்லட் பெட்டியில சாமான் வைக்கறதுக்கு முன்னாடி

மொதல்லயே சொல்லிடறேன், புல்லட்டுன்னா பைக் இல்லங்க. மிலிட்டரிக்காரங்க தோட்டா போட்டு வெச்சிருப்பாங்களே, பச்சை கலர்ல, மேல கைப்பிடி, பக்கத்துல ஒரு பெரிய கொக்கி, அந்த இரும்புப் பெட்டி. போன வருஷம் நான் ஒண்ணு வாங்கிட்டு வந்தப்ப எங்க மாமா ஓடி வந்து பாத்துட்டு "எந்த மாடல் புல்லட்டுக்குடா இந்த சைடு பாக்ஸ்"னு கேட்டாரு, அதான் முன்னாடியே சொல்லி வெக்கறேன்.

எனக்கு இது எதுக்குன்னா, நாங்க இருக்கறது சேலம், ஆனா ஏற்காட்டுல நாகலூர் பக்கம் தாத்தா காலத்து வீடு ஒண்ணு இருக்கு, கூட கொஞ்சம் காப்பி மிளகு. மாசத்துக்கு ரெண்டு தடவை மலைக்குப் போவோம். ஆடி ஆவணி வந்தா அங்க எதை வெச்சாலும் பூசணம் பூத்துரும், தோல் பெல்ட்டு, செருப்பு, பட்டா ஜெராக்ஸ், தலகாணி, எதையும் விடாது. ட்ரங்க் பெட்டி இருக்கு, ஆனா அதோட மூடி சும்மா பேருக்குத்தான், மூடினா ஓரத்துல விரல் போற அளவு சந்து. இந்த தோட்டா பெட்டியில மூடிக்கு உள்பக்கம் சுத்தி ரப்பர் இருக்கும், கொக்கியை அமுக்கினா ரப்பர் நசுங்கி விளிம்புல கப்புனு ஒக்காந்துக்கும், காத்து தண்ணி எதுவும் போகாது. விஷயமே அந்த ரப்பர்தான், இரும்பு அதுக்கு ஒரு சட்டம், அவ்வளவுதான்.

அளவு பத்தி கொஞ்சம். எல்லாரும் தேடறது எம் 2 ஏ 1னு சொல்ற அமெரிக்க மாடல், பெரிய மெஷின்கன்னுக்கு ஐம்பது கேலிபர் தோட்டா 100 சரமா கோத்து வெக்கறதுக்கு செஞ்சது. உள்ள நீளம் சுமார் 28 செ.மீ., அகலம் 14, ஆழம் 18, கிட்டத்தட்ட 7 லிட்டர். காலிப் பெட்டியே ரெண்டரை கிலோ கிட்ட வரும். இதுக்குத் தம்பி எம் 19 ஏ 1, நீளம் ஆழம் கிட்டத்தட்ட அதேதான், அகலம் மட்டும் குறைவு, 9 செ.மீ. சொச்சம், கேமரா பாடி நிக்காது ஆனா ஸ்பேனர் செட்டுக்கு அம்சமா இருக்கும். நம்ம ஊர்ல கெடைக்கறது எல்லாம் இந்த அளவுல இருக்கும்னு நெனைக்காதீங்க, கையில டேப் எடுத்துட்டு போங்க, வைக்கப்போற சாமானையே எடுத்துட்டு போனா இன்னும் நல்லது.

எங்க வாங்கறதுன்னா, மிலிட்டரி டிஸ்போசல் கடைங்க, பழைய இரும்பு எடுக்கறவங்க, இல்ல ஆன்லைன். பட்டாளத்துல கழிச்ச சாமானை எம்.எஸ்.டி.சி.ங்கற அரசாங்க கம்பெனி மூலமா ஈ-ஏலம் விடுவாங்க, அங்க லாட்டு லாட்டா எடுக்கற வியாபாரிங்க கிட்ட இருந்து சில்லறைக்கு நம்ம கைக்கு வரும். நான் எடுத்தது செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு இரும்புக் கடையில, ஆணி பட்டறை சாமான் எல்லாம் குமிச்சு வெச்சிருந்தாரு, அதுக்கு அடியில மூணு பெட்டி. கிலோ கணக்குல போடுங்கண்ணேன்னு கேட்டேன், அவரு சிரிச்சுட்டு "இதெல்லாம் பீஸ் ரேட்டு தம்பி"ன்னுட்டாரு. பில்லு கேட்டு வாங்கிக்கங்க, துண்டுச் சீட்டா இருந்தாலும் சரி. அப்புறம் கடையிலயே பெட்டியத் தொறந்து கவுத்து நல்லா தட்டிப் பாருங்க. உள்ள தப்பித்தவறி ஒரு தோட்டா கெடந்தா அதைத் தொடாதீங்க, ஞாபகத்துக்குன்னு பாக்கெட்ல போட்டுக்கவே போட்டுக்காதீங்க, லைசென்ஸ் இல்லாம தோட்டா வெச்சிருந்தா ஆயுதச் சட்டத்துல கேஸ். அப்படியே விட்டுட்டு போலீசுக்கு சொல்லச் சொல்லுங்க.

கடையில பாக்க வேண்டியது மூணே மூணு. ஒண்ணு, விளிம்பு. மூடி ஒக்கார்ற மேல் விளிம்புல நசுங்கல் இருந்தா அந்தப் பெட்டி வேண்டாம், மத்த இடத்துல எவ்வளவு நசுங்கி இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு, ரப்பர். நகத்தால அமுக்குங்க, எழும்பி வரணும், வெடிச்சு இருந்தாலோ கல்லு மாதிரி இருந்தாலோ வேலைக்காவாது. மூணு, பத்து ரூபா நோட்டு. நோட்டை விளிம்புல பாதி உள்ள பாதி வெளிய வெச்சு மூடி கொக்கியைப் போட்டு இழுங்க, இறுக்கமா பிடிக்கணும். நாலு பக்கமும், நாலு மூலையிலும் பண்ணுங்க, மூலையிலதான் ஏமாத்தும். கிழிஞ்ச நோட்டா எடுத்துட்டு போங்க, ஏன்னா நல்ல பெட்டி நோட்டைக் கிழிச்சிரும்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணி டெஸ்டு. காலிப் பெட்டிய தண்ணியில போட்டா மிதக்கும், முங்காது, அதனால ரெண்டு செங்கல்லை நியூஸ்பேப்பர்ல சுத்தி உள்ள வெச்சு மூடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா சரியா ஒக்காரும். அப்புறம் அண்டாவுல முக்குங்க. அப்பவும் எழும்பினா மேல கை வெச்சு அமுக்குங்க. குமிழி ஒரே எடத்துல இருந்து தொடர்ந்து வந்தா அதான் ஓட்டை, கொக்கி பக்கம் ஒட்டியிருந்த காத்து ரெண்டு குமிழி வர்றது கணக்கு இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு எடுத்து வெளிய நல்லா தொடச்சுட்டு தொறங்க, தொடைக்காம தொறந்தா மூடியில இருக்கற தண்ணியே உள்ள வழிஞ்சு நம்மளையே ஏமாத்தும் (நான் ஏமாந்தேன்). பேப்பர் காய்ஞ்சு இருந்தா பாஸ்.

ரப்பர் சரியில்லன்னா கார் ஆக்சசரீஸ் கடையில டோர் பீடிங் கெடைக்கும், தடிமன் பாத்து வெட்டி ஒட்டலாம், ஆனா ஜாயிண்ட் ஒரே எடத்துலதான் வரணும், அதுவும் மூலையில வேண்டாம், நேர் பக்கத்துல வரட்டும். நல்ல ரப்பருக்கு வாட்டர் பியூரிபையர் ரிப்பேர் பண்றவங்க வெச்சிருக்கற சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில தொட்டு லேசா தடவுனா போதும். வாசலைன், தேங்கெண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் வேண்டாம், சில ரப்பர் அதுல ஊறி உப்பிப் போயிரும்.

கழுவறது சோப்புத் தண்ணிதான். மூடியை முழுசா தொறந்து ஒரு பக்கமா நகத்தினா கீல்ல இருந்து கழண்டு வந்துரும், இந்த எம் 2 ஏ 1 மாடல்ல அது ஒரு வசதி. துரு இருந்தா அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள்ல தேச்சு ரெட் ஆக்சைடு பிரைமர் போட்டு மேல எனாமல் அடிங்க. இதுல ஒரு விஷயம் மட்டும் சீரியஸ்: பழைய மிலிட்டரி பெயிண்ட்டுல ஈயம், குரோமேட் எல்லாம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு தேயுங்க, மாஸ்க் போடுங்க, தூசி பறக்க விடாதீங்க, கொழந்தைங்களைப் பக்கத்துல விடாதீங்க. அதே காரணத்துக்குத்தான் அரிசி பருப்பு மிளகாத்தூள்னு திங்கற சாமானை நேரா இதுல கொட்டவே கூடாது.

இப்ப நான் பண்ண தப்பு. போன ஆடியில கேமராவையும் ரெண்டு லென்ஸையும் அதோட தோல் கவர்லயே போட்டு, நடுவுல ஆடாம இருக்க ஒரு பழைய துண்டை மடிச்சு வெச்சு, பெட்டிய மூடிட்டு நிம்மதியா சேலம் வந்துட்டேன். தீபாவளி முடிஞ்சு போய் தொறந்தா குப்புனு ஈரத்துணி வாசம், ஒரு லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி பூசணம். பெட்டியில எங்கயும் லீக் இல்ல, திரும்ப முக்கிப் பாத்தேன், பேப்பர் காய்ஞ்சேதான் இருந்துச்சு. மொதல்ல நான் நெனச்சது, மூடறப்ப மூடுபனி உள்ள போய் மாட்டிக்கிச்சுன்னு. அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். 20 டிகிரியில காத்து எவ்வளவு ஈரமா இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 17 கிராம் தண்ணிதான் தாங்கும், அப்ப 7 லிட்டர் பெட்டிக்குள்ள 0.12 கிராம், ரெண்டு மூணு சொட்டு. அதுவா என் லென்ஸைக் கெடுத்துச்சு? இல்ல. அந்தத் துண்டும் தோல் கவரும்தான். துணி, தோல், காகிதம் எல்லாம் காய்ஞ்ச மாதிரி தெரியும், ஆனா ஒரு கிலோ காகிதத்துக்குள்ளயே சாதாரணமா 50, 60 கிராம் தண்ணி இருக்கும், மழைக்கால ஏற்காட்டுல இன்னும் ஜாஸ்தி. ஈரத்தை நானே மடிச்சு உள்ள வெச்சு, வெளிய போக முடியாம பூட்டும் போட்டுட்டு வந்திருக்கேன். ட்ரங்க் பெட்டியில இருந்திருந்தாலாவது கொஞ்சம் காத்தாடியிருக்கும்.

அதனால இப்ப என்ன பண்றேன்னா, மலை வீட்டுல வைக்கற பெட்டியையே சேலத்துல வெச்சு நிரப்பறேன், அதுவும் பங்குனி சித்திரை வெயில்ல. துணி, பேப்பர் எல்லாத்தையும் மொட்டை மாடியில ஒரு நாள் காய வெச்சு, பெட்டியையும் தொறந்து போட்டு, சாயங்காலம் சூடு ஆறினதும் உள்ள வெச்சு மூடிடறது. லென்ஸை மட்டும் வெயில்ல வைக்காதீங்க, நிழல்ல ஃபேன் காத்து போதும். தோல் கவர் வேண்டவே வேண்டாம், துண்டுக்கு பதிலா பார்சல்ல வர்ற ஃபோம். கூட ஒரு 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு பழைய காட்டன் சாக்ஸ்ல கட்டி. ஆரஞ்சு கலர் வாங்குங்க, ஈரம் குடிச்சா பச்சையாயிரும். நீலம் வேண்டாம், அந்த கலருக்கு கோபால்ட் குளோரைடு சேர்க்கறாங்க, ஒடம்புக்கு நல்லதில்ல. கலர் மாறிருச்சுன்னா சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில சின்னத் தீயில பொறுமையா வறுத்தா திரும்ப ஆரஞ்சுக்கு வந்துரும், 120 டிகிரிக்கு மேல போனா கருகிரும். சில பேரு அரிசிய மூட்டை கட்டி போடச் சொல்றாங்க, அது ஈரத்தையும் சரியா எடுக்காது, வண்டும் வெச்சிரும். ஒரு குட்டி டிஜிட்டல் ஈரப்பத மீட்டரை உள்ள போட்டு வெச்சா எப்ப தொறந்தாலும் தெரியும், லென்ஸுக்கு 40ல இருந்து 50 சதவீதம் சரி. விதை வைக்கறவங்க வெண்டை, கத்திரி, அவரை எல்லாம் நல்லா காய வெச்சு தாராளமா வைக்கலாம். காப்பி விதையை மட்டும் வைக்காதீங்க, அது ஓவரா காஞ்சா மொளைக்காது.

வறுத்த காப்பிக்கொட்டை? வேண்டாம். பெயிண்ட் விஷயம் ஒரு பக்கம், பழைய எண்ணெய் வாசனை ஒரு பக்கம், அதுக்கு மேல புதுசா வறுத்த கொட்டை நாள்கணக்குல கரியமில வாயு விட்டுட்டே இருக்கும். அதை விட முக்கியம் லித்தியம் பேட்டரி, ட்ரோன் பேட்டரி, பவர் பேங்க். இரும்புப் பெட்டிதானே, சேஃப்னு நெறைய பேரு இதுல பூட்டி வெக்கறாங்க. பேட்டரி உப்பி வெடிச்சா வர்ற கேஸுக்கு போக வழி இல்ல, அப்ப அந்தப் பெட்டியே குண்டு. வெச்சுத்தான் ஆகணும்னா ரப்பரைக் கழட்டிட்டு வைங்க. பத்திரத்தை இதுல வெச்சா தீ புடிச்சாலும் தப்பிக்கும்னு நம்பறதும் தப்பு, இரும்பு சூட்டை அப்படியே உள்ள கடத்தும், பேப்பர் உள்ளயே கருகிரும்.

மலைக்கும் கீழயும் போய் வர்றவங்களுக்கு மட்டும் ஒண்ணு. ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம் உயரம், சேலம் 280 மீட்டர் கிட்ட. மேல மூடின பெட்டிய கீழ கொண்டு வந்தா கொக்கி தொறக்கும், மூடி வராது. மொத தடவை நான் துரு புடிச்சிருச்சோன்னு சுத்தியல் தேடினேன். மேல காத்தழுத்தம் கம்மி, அந்தக் காத்தைத்தான் உள்ள அடைச்சு எடுத்துட்டு வர்றோம், கீழ இருக்கற கனமான காத்து மூடியை வெளிய இருந்து அமுக்குது. மூடி அளவை வெச்சு கணக்கு போட்டா ஒரு சிமெண்ட் மூட்டையை மேல தூக்கி வெச்ச மாதிரி, 50 கிலோ கிட்ட வருது. கீழ இருக்கற சூட்டுல உள்ள காத்தும் விரியறதால நெஜத்துல முப்பது சொச்சம்தான், அதுவே போதும் நம்ம வெரலுக்கு. சுத்தியல் எல்லாம் வேண்டாம், ஒரு ஸ்பூன் காம்பை ரப்பர் ஓரத்துல லேசா நுழைச்சா "ஸ்ஸ்"னு காத்து உள்ள போகும், மூடி தானா வந்துரும். இப்படி ஆச்சுன்னா சந்தோஷப்படுங்க, உங்க ரப்பர் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்படி ஆகவே கூடாதுன்னா 20 கொண்டை ஊசியும் எறங்கற வரைக்கும் கொக்கியைப் போடாதீங்க.

பைக்ல சைடு பாக்ஸா மாட்டறவங்க (மாமா கேட்டதும் நியாயம்தான்) போல்ட்டு ஓட்டை போட்ட உடனே காத்துப் புகாத பெட்டிங்கற பேரு போச்சு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷரும் சிலிக்கான் சீலண்ட்டும் போட்டாத்தான் மழைக்குத் தாங்கும். ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கட்டும். ஸ்பேனரா நெரப்பினா ஒரு பெட்டி 15 கிலோவை சுலபமா தாண்டிரும்.

கடைசியா, பெட்டி மேல மஞ்சள்ல அச்சடிச்சிருக்கற எழுத்து, லாட் நம்பர் எல்லாம் பாக்க கெத்தா இருக்கும், ஆனா பஸ்ல கொண்டு போறதா இருந்தா அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சிருங்க. அடிவாரம் செக்போஸ்ட்ல ஒரு தடவை என் கார் டிக்கியத் தொறந்தவரு ரெண்டடி பின்னாடி போய் நின்னுட்டு என்னையே தொறக்கச் சொன்னாரு. உள்ள இருந்தது ஒரு காப்பி ஃபில்டர், ரெண்டு டார்ச், தாத்தாவோட பட்டா. இப்ப மூடி மேல வெள்ளை பெயிண்ட்ல பெருசா "கேமரா, பேப்பர்"னு எழுதி, அதுக்குக் கீழ சிலிக்கா ஜெல் வறுத்த தேதியையும் பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன்.