தைமஸ் பாடம்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. தைமஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் தைராய்டு என்று எழுதிவிடுகிறார்கள். தைராய்டு கழுத்தில் இருக்கிறது. தைமஸ் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே. நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் முதிர்வது அங்கேதான்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ‘சொந்த உடலைத் தாக்கக் கூடாது என்று டி செல்கள் தைமஸில் கற்றுக்கொள்கின்றன’ என்கிறார்கள். அங்கே எந்தச் செல்லும் மனம் திருந்துவதில்லை. ஒவ்வொன்றும் தற்செயலாக அமைந்த ஓர் ஏற்பியோடு, அதாவது புரதத் துணுக்குகளைப் பற்றும் மேற்பரப்புப் புரதத்தோடு, உருவாகிறது. அந்த ஏற்பி உடலின் சொந்தப் புரதத் துணுக்கை இறுகப் பற்றினால், செல் பெரும்பாலும் அங்கேயே மடியும். ‘எல்லாம் மடிந்துவிடும்’ என்றும் எழுதிவிடாதீர்கள். சில செல்கள் பிழைத்து, மற்றவற்றை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களாகின்றன.

சரி, இந்தச் சோதனைக்கு உடலின் புரதங்கள் தைமஸிலேயே இருக்க வேண்டுமே; கணையத்தில் சுரக்கும் இன்சுலினை மார்புக்குள் இருக்கும் டி செல்லுக்கு யார் காட்டுவது? தைமஸின் உட்பகுதியான மெடுல்லாவிலுள்ள எபிதீலியச் செல்களே அந்த மரபணுவை இயக்கி இன்சுலினைத் தயாரிக்கின்றன. இப்படி ஆயிரக்கணக்கான மரபணுக்களை இயங்க வைப்பது, 1997இல் கண்டறியப்பட்ட ‘ஏயர்’ மரபணுவின் புரதம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஏயரை ஒரே சுவிட்சாக எண்ணி, ஒவ்வொரு செல்லும் முழு உடலையும் காட்டுவதாக எழுதுகிறார்கள். உண்மையில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மிகச் சில செல்களே ஒரு நேரத்தில் காட்டுகின்றன. ஒன்றில் இன்சுலின் இருக்கும், பக்கத்துச் செல்லில் விழித்திரைப் புரதம் இருக்கும். அதனால் டி செல் நாள்கணக்கில் மெடுல்லாவுக்குள் அலைந்து பல செல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புரதமும் தனித்தனியே காட்டப்பட வேண்டும் என்பதை எலிகளில் நடந்த சோதனை ஒன்று தெளிவாகக் காட்டியது: ஏயர் நன்றாக இருந்தும், தைமஸில் விழித்திரைப் புரதம் ஒன்று மட்டும் இல்லாமல் போனதால் கண்ணில் அழற்சி வந்தது.

தைமஸில் இந்தப் புரதங்களைக் காட்ட வைப்பது ஏயர் மட்டுமே என்பதும் பிழை. ஃபெஸ்எஃப்2 என்ற இன்னொரு புரதமும் இதே பணியில் இருப்பதை 2015இல் கண்டார்கள்.

கடைசியாக, உடலின் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் சுயதடைகாப்பு நோய் எதைக் கண்டாலும் ஏயர் பழுது என்று சொல்லிவிடாதீர்கள். ஏயர் பழுதானால் வரும் நோய் அரிது. பின்லாந்திலும் சார்டினியாவிலும் சற்றுக் கூடுதல். தீராத கேண்டிடா பூஞ்சைத் தொற்று, பாராதைராய்டு சுரப்பிக் குறைபாடு, அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு ஆகியவை அதன் அடையாளங்கள். முதல் வகை நீரிழிவு நோயாளிகள் பெரும்பாலோருக்கு ஏயரில் குறை இல்லை. ஆனால் இன்சுலின் மரபணுவுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏ பகுதி சிலருக்கு நீளமாக அமைந்திருக்கும். அவர்களுடைய தைமஸ் இன்சுலினைக் கூடுதலாகக் காட்டுகிறது. அந்த நீரிழிவு வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவு.