கரண்ட் அக்கவுண்டுக்கு முன் உத்யம்

பெங்களூரில் சிறுதொழில் தொடங்குகிறீர்களா? கரண்ட் அக்கவுண்டுக்கு வங்கிப் படி ஏறும் முன், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவான உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். தனிநபர் தொழிலுக்கு வங்கி பொதுவாக இரண்டு சான்று கேட்கும். அதில் ஒன்று கையில் வந்துவிடும். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது ஏஜெண்டுடையது; தள முகவரி 'gov.in' என்று முடிகிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஊர் முகவரி இருந்தாலும் சரி, தொழில் முகவரியைத் தனியாகத்தான் கேட்பார்கள். ஆனால் ஓடிபி ஆதாரில் உள்ள எண்ணுக்கே வரும். ஊரில் வாங்கிய பழைய சிம் செத்துப்போயிருந்தால் முதலில் ஆதார் மையம்தான்.

உத்யம் பதிவு உரிமம் அல்ல. இட்லி மாவு விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. கடை போட்டால் மாநகராட்சியின் டிரேடு லைசென்ஸ் வேறு.