ஜாய்ஸ்டிக் மேல் பழி போடும் முன்

ஆர்கேட் (வீடியோ கேம்) பெட்டியில் பேக்மேன் ஆடும்போது திருப்பம் வந்ததும் ஜாய்ஸ்டிக்கைச் சரியாகத்தான் தள்ளுகிறோம். உருவமோ நேரே போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்கிறது. உடனே வேறு ஸ்டிக் வாங்கக் கிளம்ப வேண்டாம். 1980-ல் வந்த பேக்மேனும் 1981-ல் வந்த டாங்கி காங்கும் நான்கு திசை ஆட்டங்கள். எட்டுத் திசை ஸ்டிக்கில் கை சற்று மூலைக்குச் சாய்ந்தாலே இரண்டு ஸ்விட்ச் சேர்ந்து அழுந்தும், ஆட்டம் குழம்பும். சன்வா ஜேஎல்எஃப் என்ற ஜப்பானிய ஸ்டிக்கில் அடியிலுள்ள சதுர கேட்டை (தண்டு எதுவரை போகலாம் என்று தடுக்கும் தகடு) 45 டிகிரி திருப்பி மாட்டினால் நான்கு திசையாகிவிடும். அதை மறந்துவிட்டு சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடினால் ஹடோக்கன் என்ற ஆற்றல் பந்து வீச்சு வராது. கீழ், மூலை, முன் என்ற அசைவில் நடுவிலுள்ள மூலையைத்தான் கேட் அடைத்துவிட்டதே! எந்த ஆட்டங்களை அதிகம் ஆடுவோம் என்று முடிவு செய்த பிறகு ஸ்டிக் வாங்குவதே நல்லது.

அடுத்த தவறு ஸ்டிக்கை மாட்டும் பலகையில். ஜப்பானிய ஸ்டிக்குகள் மெல்லிய உலோகத் தகட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. 18 மி.மீ. பிளைவுட்டின் அடியில் அப்படியே திருகினால் தண்டில் பாதி மரத்துக்குள் போய்விடும், கைப்பிடிப் பந்து பலகையில் ஒட்டியதுபோல நிற்கும். அடிப்பக்கம் ரௌட்டரால் (மரம் குடையும் மெஷின்) பள்ளம் எடுத்து உள்ளே ஏற்றுங்கள். தண்டை நீட்டும் துண்டு மாட்டுவது குறுக்குவழிதான். தண்டு நீண்ட அளவுக்குக் கை நகர வேண்டிய தூரமும் கூடும். துளை 24 மி.மீ. இருக்கட்டும். சின்னதாகப் போட்டால் தண்டு கேட்டைத் தொடும் முன்பே மரத்தில் இடிக்கும், மூலைத் திசைகள் விழாது. பள்ளம் எடுக்கவே முடியாது என்றால் ஹேப் வகை அமெரிக்க ஸ்டிக் வாங்குங்கள், அது தடித்த மரத்துக்கே ஆனது.

நான்கு மைக்ரோ ஸ்விட்ச் தனித்தனியாக இருக்கும் ஸ்டிக்கில் வயர் மாட்டும்போது ஏறக்குறைய எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கைப்பிடியை மேலே தள்ளினால் தண்டின் அடிமுனை எதிர்ப்பக்கம் போகும். ஆகவே ஆடுபவர் பக்கம் இருக்கும் ஸ்விட்ச்தான் ‘மேல்’, வலது ஸ்விட்ச் ‘இடது’. ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் காமன் (பொது), என்ஓ (அழுத்தினால் இணையும்), என்சி (அழுத்தாதபோதே இணைந்திருக்கும்) என மூன்று கால்கள். வயரை என்சி-யில் சொருகினால், தொடாமலே அந்தத் திசை அழுந்தியபடி இருக்கும். நான்கு காமனையும் ஒரே கிரவுண்ட் வயரில் கோத்துவிடலாம்.

நான்கு பேர் ஆடும் பெட்டியில் ஓரத்து ஸ்டிக்கை ஆள் நிற்கும் கோணத்துக்குச் சாய்த்து வைப்பது பார்க்க அழகு, ஆட எரிச்சல். கண் திரையில் இருக்கிறது, எனவே ‘மேல்’ என்பது திரையை நோக்கியே இருக்க வேண்டும். சாய்த்து வைக்க வேண்டிய ஆட்டம் க்யூபர்ட்; அதில் உருவம் மூலைத் திசையில்தான் குதிக்கும், அதற்கு ஸ்டிக் 45 டிகிரி திரும்பியே நிற்கும்.

தளர்வாக இருக்கிறதென்று கெட்டியான ஸ்ப்ரிங்கையும் பெரிய ஆக்சுவேட்டரையும் (தண்டின் அடியில் இருந்து ஸ்விட்சை அழுத்தும் துண்டு) ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். ஆக்சுவேட்டர் அளவுக்கு மீறிப் பெரிதானால் நேராகத் தள்ளினாலும் மூலை விழும். கீச்சென்றால் பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் சிலிகான் கிரீஸ் துளி போதும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் இருக்கிற கிரீஸும் கழுவிப்போகும்.

பந்தைக் கழற்றும்போது தண்டும் கூடவே சுற்றுகிறதா? தண்டின் அடிமுனையில் வெட்டு இருக்கிறது, அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு பந்தைத் திருகுங்கள். தண்டின் அடியில் எல்லாவற்றையும் பிடித்திருக்கும் சின்ன உலோக வளையமான இ-கிளிப்பை எடுக்க ஆக்சுவேட்டரை ஸ்ப்ரிங்கோடு அழுத்திப் பிடித்துப் பக்கவாட்டில் நெம்ப வேண்டும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மீதி மாலை பீரோவுக்கு அடியில் தேடுவதிலேயே போகும்.