மாடி அறையின் வெக்கை தணிந்த விதம்
வேளச்சேரியில் நாங்கள் கட்டிய புது வீட்டின் மாடி அறை, முதல் சித்திரையிலேயே இரவு 11 மணிக்கும் அனலாக இருந்தது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், அதை இரவில் மெல்ல உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். ஐப்பசி மழையில் கரைந்தது.

பிறகு, மூத்த கொத்தனார் ஒருவரின் சொற்படி, சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியை வடிகுழாய்ப் பக்கம் சரிவாகச் சுமார் 4 அங்குலக் கனத்தில் பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் வெள்ளை ஓடு பதித்தோம். ஜல்லியின் நுண்துளைகளில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. ஓட்டு இணைப்புகளை நீர்புகாதபடி அடைப்பதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஈரமேறிய ஜல்லி வெப்பத்தை எளிதில் கடத்திவிடும்.

இந்த அக்னி நட்சத்திரத்தில் அம்மா அந்த அறையிலேயே பகலில் உறங்கினார்.