கேசரி சாப்பிட்டா ஹால் முழுக்க சாப்பாடு: கிளி இறைக்கிறதை சமாளிச்ச கதை

கேசரின்னா எங்க வீட்டு சன் கொனூர் கிளி, கலரைப் பாத்து அம்மா வெச்ச பேரு. மொத்தமே 110 கிராம்தான் இருப்பான், ஆனா ஒரு துண்டு பப்பாளி குடுத்தா கால்வாசி வயித்துக்கு, முக்கால்வாசி சுவத்துக்கு. வந்த புதுசுல ஒரு நாளைக்கு நாலு தடவை கூட்டுனேன், இப்போ ஒரு தடவை, அதுவும் அஞ்சு நிமிஷம். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், நம்ம ஊர் பச்சைக்கிளிக்காக இதைப் படிக்கிறீங்கன்னா வேணாம், அதை வீட்டுல வளர்க்கிறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். சன் கொனூர் தென் அமெரிக்கா கிளி, அதையும் 2024-ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் தளத்துல பதிஞ்சிருக்கணும். கூண்டு சைஸு, பழக்குறது எல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள நான் போகல.

இன்னொண்ணு, இறைக்காம சாப்பிட வைக்கலாம்னு கனவு காணாதீங்க. கிளியோட குணமே அது, ஒரு கடி கடிக்கும், கீழ போடும், அடுத்ததை எடுக்கும். வள்ளி தினைப்புனத்துல உக்காந்து ஆலோலம் பாடுனது சும்மாவா. அதனால திட்டாதீங்க, திட்டுனா நம்ம கத்துறதைக் கேக்குறதுக்குன்னே இன்னும் ரெண்டு துண்டு போடுவான். எங்க விழணும், என்ன விழணும், இந்த ரெண்டுதான் நம்ம கையில இருக்கு.

படி 1: எவ்ளோ தூரம் போகுதுன்னு பாருங்க

ஒரே ஒரு வேளை மட்டும் கூட்டாம விட்டு, ரொம்ப தள்ளி விழுந்த துண்டு எதுன்னு தேடுங்க. எங்க ஹால்ல ரெண்டடி டைல்ஸ், உமியெல்லாம் முதல் டைலுக்குள்ள நின்னுடுச்சு, ஆனா ஈரமான பழம் ரெண்டாவது டைலையும் தாண்டிப் போயிருந்துச்சு. ஏன்னா மூக்குல ஒட்டுனதை உதற தலையை ஒரு சிலுப்பு சிலுப்புவான் பாருங்க, அதுல பறக்குறதுதான் அது. அந்த தூரம் வரைக்கும் கீழ விரிக்கணும்.

விரிக்க நிறைய பேரு விலை குடுத்து மேட் வாங்குறாங்க, நான் சொல்றது பழைய ஃபிளெக்ஸ் பேனர். கிழியாது, துடைச்சா போச்சு, மொட்டை மாடியில தண்ணி ஊத்தி கழுவிக்கலாம். எங்க வீட்டுல விரிச்சிருக்கறது அண்ணன் கல்யாண பேனர். திருப்பிப் போட்டு விரின்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க, நான் மறந்துட்டே இருக்கேன், தினமும் காலையில மாப்பிள்ளை நெத்தியில மாதுளை முத்துதான். பேனர் கிளி வாய்க்கு எட்டாத மாதிரி மட்டும் பாத்துக்கோங்க, எட்டுச்சுன்னா கடிச்சு துகள் துகளா ஆக்கிடும். கூண்டுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு டிரான்ஸ்பரன்ட் டேபிள் கவரை டேப் போட்டு ஒட்டிட்டா பெயின்ட் தப்பிக்கும்.

கூண்டுக்கு அடியில இருக்குற டிரேயில ஒரே தடவையா ஏழெட்டு தாள் நியூஸ்பேப்பர் அடுக்கிடுங்க, தினமும் மேல இருக்கறதை மட்டும் சுருட்டி எடுத்தா போதும்.

படி 2: ஈரம் தனி, காஞ்சது தனி

காய், பழம், கீரை எல்லாம் காலையில மட்டும், கூண்டுக்கு வெளிய. ஒரு பெரிய தாம்பாளம், அது நடுவுல கொய்யா குச்சியில செஞ்ச ஸ்டாண்டு, அதுல உக்காந்துதான் சாப்பாடு. விழுறதுல பாதிக்கு மேல தாம்பாளத்துலயே விழுது. அந்த நேரம் ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க, வெளிய கிளி இருக்கும்போது எப்படியும் ஃபேன் ஓடக்கூடாது. நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஈர சாப்பாடு வெளிய இருந்தா புளிச்சிடும், மிச்சத்தை எடுத்துடுங்க.

பெரிய துண்டா குடுத்தா ஒரு கடி கடிச்சுட்டு எறியுறான், அதனால கேரட், பீன்ஸ் எல்லாம் பொரியலுக்கு நறுக்குறதை விட பொடியா நறுக்கிடுங்க. சோளக் கதிர் மட்டும் விதிவிலக்கு, ஒரு இன்ச் வட்டமா வெட்டி குடுத்தா கால்ல புடிச்சுக்கிட்டு அமைதியா அரை மணி நேரம் ஓட்டுவான். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் பக்கமே போகாதீங்க.

படி 3: டப்பா

கொக்கி மாட்டுற பிளாஸ்டிக் டப்பா வாங்காதீங்க. கேசரி ரெண்டாவது நாளே அதைத் தூக்கி கவுத்துட்டான், டங்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். ஸ்க்ரூ போட்டு முடுக்குற ஸ்டீல் டப்பாதான் சரி. மூணுல ஒரு பங்கு மட்டும் நிரப்புங்க. சூரியகாந்தி விதையை தினையோட கலக்காதீங்க, கலந்தா அது ஒண்ணுக்காக மத்ததையெல்லாம் தோண்டி வெளிய தள்ளும், அதை கையில மட்டும் குடுங்க. தண்ணி டப்பா சாப்பாட்டுக்கு எதிர் மூலையில இருக்கட்டும், இல்லன்னா ஒவ்வொரு பெல்லட்டையும் (கிளிக்குன்னே கடையில விக்கிற உருண்டைத் தீனி) டீயில பிஸ்கட் மாதிரி நனைச்சு நனைச்சு தண்ணியை கஞ்சி ஆக்கிடுவான். எதிர் மூலையில வெச்சாலும் கொஞ்சம் பண்ணுவான், நான் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி மாத்திடுறேன்.

படி 4: உமி. இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க

நான் நல்லா மாட்டுன இடம் இதுதான். கூட்டுற வேலையைக் குறைக்கணும்னு ஒரு கட்டத்துல டப்பாவைத் தொடுறதையே குறைச்சுட்டேன், பாத்தா எப்பவும் பாதி டப்பா தினை இருக்கு, இருக்குல்ல அப்புறம் எதுக்கு போடணும்னு விட்டுட்டேன். அஞ்சாறு நாள் கழிச்சு கேசரி சத்தமே இல்ல, எச்சம் கொஞ்சமா, கரும்பச்சையா இருந்துச்சு. கிச்சன் தராசுல வெச்சா 112 கிராம் இருந்தவன் 101. எனக்கு கை உதறிடுச்சு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக டப்பாவில துணி விரிச்சுட்டு இருக்கேன், அம்மா வந்து அந்த தினை டப்பாவைக் கையில எடுத்தாங்க. எடுத்த உடனேயே முகம் மாறுச்சு. "ஏண்டி, கனமே இல்லையே"ன்னு சொல்லி ஒரு ஊது ஊதுனாங்க, டப்பா காலி. மொத்தமும் உமி, அடியில ஒரு ஸ்பூன் கூட தினை இல்ல.

கிளி தினையை அப்படியே முழுங்காது, நாக்கால உருட்டி தோலை உரிச்சுட்டு உள்ள இருக்கறதை மட்டும் எடுத்துக்கும், தோலு அதே கலர்ல அதே பளபளப்போட டப்பாவுக்குள்ளயே விழும். மேல இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது. டாக்டரும் செக் பண்ணிட்டு பட்டினிதான் வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு, ஒரு வாரத்துல பழைய எடைக்கு வந்துட்டான்.

அதனால தினமும் காலையில டப்பாவை வெளிய எடுத்து, பால்கனிக்குப் போய், சின்ன முறத்துல கொட்டி புடைச்சுடுங்க. வாயால ஊதலாம், கண்ணுல விழும், முறம்தான் பெஸ்ட். கனமா நிக்கிறதை திருப்பிப் போட்டு மேல புதுசு போடுங்க. எச்சம் பட்டிருந்தா மொத்தத்தையும் கொட்டிடுங்க. வாரத்துல ஒரு நாள் எடை பாத்து காலண்டர்ல குறிச்சு வைங்க. பெல்லட்டுக்கு மாறிட்டா இந்த உமி தொல்லை கிடையாது, விதை மட்டுமே சாப்பாடா இருக்குறது கிளி உடம்புக்கும் நல்லதில்ல, ஆனா ஒரே நாள்ல மாத்துனா சாப்பிடாம அடம் புடிக்கும், மெதுவா மாத்துங்க.

படி 5: சுத்தம் பண்றது

பூந்துடைப்பம் போட்டா உமி முன்னாடி பறக்கும், நீங்க பின்னாடி ஓடணும். ஈரத்துணியால ஒத்தி எடுங்க. கம்பியில காஞ்சு போன வாழைப்பழம் சிமென்ட் மாதிரி ஒட்டியிருக்கும், சுரண்டாதீங்க, வெந்நீர்ல நனைச்ச துணியை அஞ்சு நிமிஷம் சுத்தி வெச்சுட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா வந்துடும். பினாயில், ஸ்ப்ரே, எறும்பு சாக்பீஸ் எதுவும் கூண்டு பக்கம் வேணாம், கிளி நுரையீரல் தாங்காது.

எறும்புக்கு பாட்டி காலத்து வைத்தியம்தான், சர்க்கரை டப்பாவை தண்ணி ஊத்துன தட்டுல வைப்பாங்கல்ல, அதே மாதிரி கூண்டு ஸ்டாண்டோட நாலு காலுக்கும் கீழ நாலு கிண்ணம் தண்ணி.

சேர்த்தது: இதை எழுதுன அப்புறம் ரெண்டு பேரு ஒரே கேள்வி கேட்டாங்க, கிண்ணம் வெச்சும் எறும்பு வருதேன்னு. ஒருத்தங்க போட்டோ அனுப்புனாங்க, பாத்தா கூண்டோட மேல் மூலை ஜன்னல் கர்ட்டன்ல ஒட்டிட்டு இருக்கு, எறும்பு அது வழியா ஜம்முனு இறங்கி வருது. கூண்டு எதையும் தொடாம நாலு விரல் இடம் விடுங்க. அப்புறம் கிண்ணத்துத் தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டி மாத்துங்க, இல்லன்னா எறும்பு போய் கொசு வந்துடும்.

இன்னொண்ணு: இறைக்கிறது வெளிய விழாம இருக்க கூண்டைச் சுத்தி கொசுவலை கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் கட்டிப் பாத்தேன், மூணாவது நாள் கடிச்சு நூலு நூலா பிரிச்சு, அதுல கால் நகம் மாட்டி தலைகீழா தொங்கிட்டு இருந்தான். கத்திரி எடுத்து நூலை வெட்டி விட்டா, நன்றிக்கு என் விரல்லயே ஒரு கடி. வேணாம்.