வெளிவராத இசையைப் பற்றி வாய் திறக்கும் முன்

சென்னையில் தனியாகத் தொழில் செய்யும் இசை வடிவமைப்பாளருக்கு, அடுத்த வேலை பெரும்பாலும் முந்தைய வேலையைக் கேட்டவர் மூலமாகவே வருகிறது என்பதால், செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. படைப்பு வெளிவருமுன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாலோ, அந்த வாசலே அடைபட்டுவிடும். ஆகவே முன்பணம் வாங்கும் நாளிலேயே, "வெளியீட்டுக்குப் பின் 30 விநாடிப் பகுதியை என் பெயருடன் என் மாதிரித் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலோ, குறைந்தது மின்னஞ்சலிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், ஆக்கியவர் தாமே என்று கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு விட்டுவைக்கிறது. ஆனால் அது ஒலித்துணுக்கைப் பொதுவெளியில் போடுவதற்கான அனுமதி ஆகாது.

பலர் கோட்டைவிடுவது ஒளிப்படத்தில்தான். வடபழனி ஸ்டுடியோ ஒன்றில் நள்ளிரவில், பதிவான ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சிங் வேலை முடிந்த மகிழ்ச்சியில் எடுத்த செல்ஃபியைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் உள்ள திரையில் படத்தின் பெயரும், ட்ராக் எனப்படும் ஒலித்தடத்துக்கு இட்டிருக்கும் பாடகர் பெயரும் பளிச்சென்று தெரியும் (அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு வந்த தொலைபேசி அழைப்பில் நானும் அசடு வழிந்திருக்கிறேன்). கோப்புகளுக்குத் தொடக்கத்திலிருந்தே பெயருக்குப் பதில் எண்ணை இட்டுவிடுவது நல்லது.

புதியவர் யாரேனும் மாதிரி கேட்டால், வெளியானவற்றை மட்டும், கடவுச்சொல் இட்ட இணைப்பாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினால், அது எத்தனை கைபேசிகளுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.