கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நடக்க விரும்புவோருக்கு

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே கிடக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் மிக உயர்ந்த இடம் கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர்தான். அந்த எண்ணை மட்டும் பார்த்து இதை எளிய மலை என்று எண்ணிவிடக் கூடாது. கிண்டருக்குக் கூரிய சிகரம் கிடையாது. ஏறி முடித்ததும் கண்முன் விரிவது மரமே இல்லாத, கரிய சேறும் ஹெதர் புதர்களும் நிறைந்த, ஏறக்குறையச் சமமான ஒரு மேட்டுநிலம். அதன் நடுப்பகுதியை மழைநீர் அறுத்து, ஆள் மறையும் ஆழத்துக்குக்கூட வாய்க்கால்களாகப் பிளந்திருக்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே முதன்முறை வருபவர் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்றே: மேட்டின் நடுவே போகாமல், அதன் விளிம்பை ஒட்டியே நடக்க வேண்டும். அந்த விதிப்படி அமைந்த, ஈடேல் ஊரில் தொடங்கி அங்கேயே முடியும் சுமார் 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை இங்கே விளக்குகிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. ஜூனில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஹெதர் பூத்து மேடு முழுவதும் ஊதா நிறம் படர்வதைக் காண விரும்பினால் ஆகஸ்டு மாதத்தின் நடுப்பகுதிக்குப் பின் வாருங்கள். வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது ஊருக்கான அறிக்கையோடு நிறுத்திவிடாமல், பிரிட்டனின் வானிலைத் துறை பீக் டிஸ்ட்ரிக்டுக்கென்று தனியே வெளியிடும் மலை வானிலை அறிக்கையையும் படிக்க வேண்டும். அதில் மழையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை காற்றின் வேகமும், மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும். பள்ளத்தாக்கில் இதமாக இருக்கும் நாளிலும் மேலே இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். அதோடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் விரைவாக இறங்கிவிடும்.

நேரத்தைக் கணக்கிட, 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இந்தப் பாதைக்கு அது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். ஆனால் அந்தக் கணக்கில் ஓய்வும் சாப்பாடும் சேற்றில் தடுமாறும் நேரமும் சேரவில்லை. ஐந்து முதல் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. காலை பத்து மணிக்குள் நடக்கத் தொடங்கிவிடுவது நல்லது.

பையில் வைக்க வேண்டியவற்றுள் நான் எதையும்விட முதன்மையாகக் கருதுவது பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓஎல்1 என்ற எண்ணுள்ள காகித வரைபடத்தையும் ஒரு திசைகாட்டியையும்தான். கைபேசியில் வரைபடம் இருப்பது உதவியே. எனினும் குளிரில் பேட்டரி விரைவாகக் குறையும், பள்ளத்தாக்கில் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. கணுக்காலை மூடும் நீர்புகாத பூட்ஸ், காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கியும் கால்சட்டையும், கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை, கையுறை, விசில், தலையில் மாட்டும் டார்ச் ஆகியவை கோடையிலும் வேண்டும். ஜீன்ஸ் அணியாதீர்கள், நனைந்தால் காயாது, உடலைக் குளிரவைக்கும். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். மேலே ஓடும் ஓடைகள் தெளிவாகத் தோன்றினாலும் அங்கே ஆடுகள் மேய்கின்றன. மதிய உணவுக்கு எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ கட்டிவந்தால் ஆறினாலும் கெடாது. கடுங்காற்றில் நிற்கும்போது ரொட்டித் துண்டைவிட அது தெம்பு தரும் என்பது என் கருத்து.

ஈடேலுக்கு மான்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. இரு ஊர்களிலிருந்தும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காரை நிறுத்த இடம் கிடைப்பது வார இறுதிகளில் அரிது என்பதால் ரயிலையே பரிந்துரைக்கிறேன். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் ஓல்டு நாக்ஸ் ஹெட் என்ற பழைய விடுதி வரும். ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெட்டம் வரை சுமார் 431 கிலோமீட்டர் செல்லும் பென்னைன் வே நெடும்பாதை இந்த விடுதியின் அருகில்தான் தொடங்குகிறது. அதன் கைகாட்டிகளைப் பின்பற்றி மேற்கு நோக்கி, அப்பர் பூத் என்னும் சிற்றூர் வரை வயல்வெளிகளின் ஊடே நடக்க வேண்டும்.

இந்தக் கீழ்ப்பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சுண்ணாம்புக் காரை பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள், கல்லால் கட்டிய களஞ்சியங்கள், சரிவெங்கும் ஆடுகள் என்று நூற்றாண்டுகளாக உழைப்பால் உருவான நிலம் இது. இங்கே பாதையை விட்டு விலகக் கூடாது. இது விவசாயியின் மேய்ச்சல் நிலம். கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். சுவரைத் தாண்ட அதற்கென்று வைத்த படிகளையே பயன்படுத்துங்கள். சுவர்மேல் ஏறினால் கற்கள் சரிந்துவிடும். ஏப்ரலில் ஆடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் அவற்றை விட்டு நன்கு விலகி நடக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களைக் கண்டால், தாய்க்கும் கன்றுக்கும் இடையே போகாமல், வட்டமாகச் சுற்றிப் போவதே முறை.

அப்பர் பூத்தைத் தாண்டிச் சென்றால் பொதிக்குதிரைகள் சென்ற காலத்துச் சிறிய கற்பாலமும், அதன் மறுபுறம் ஜேக்கப்ஸ் லேடர் என்னும் செங்குத்தான கற்படிகளும் வரும். நாளின் கடினமான ஏற்றம் இதுதான். பேச்சு தடைப்படாத வேகத்தில், மூச்சு வாங்கும்போது நின்று நின்று ஏறுங்கள். படிகள் முடிந்ததும் பென்னைன் வே வலப்புறமாகத் திரும்பி, ஈடேல் ராக்ஸ் பாறைகளைக் கடந்து, கிண்டர் லோ என்ற இடத்தில் உள்ள 633 மீட்டர் உயர நில அளவைத் தூணுக்கு அழைத்துச் செல்லும். உண்மையான உச்சம் இதைவிட மூன்று மீட்டர் உயர்ந்தது. அது சேற்று மேட்டின் உட்பகுதியில் ஒரு சிறு கற்குவியலாக இருக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தூணருகே நின்று மேற்கே பார்த்தால் ஹேஃபீல்டு ஊர்ப் பக்கம் தெரியும். 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில் சுமார் நானூறு பேர் அங்கிருந்து கிளம்பி இந்த மேட்டை நோக்கி ஏறினார்கள். பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகள். அன்று இந்நிலம் க்ரவுஸ் பறவை வேட்டைக்காகச் செல்வந்தர்களால் பிறர் நுழையாதபடி காக்கப்பட்டிருந்தது. காவலாளிகளோடு கைகலப்பு நேர்ந்தது, ஐவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய திறந்த மேட்டுநிலங்களில் பாதையை விட்டும் கால்நடையாகச் செல்லும் உரிமையை எல்லோருக்கும் வழங்கியது. நாம் இன்று யாரையும் கேட்காமல் இங்கே நிற்பதற்கு அவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம். அந்த உரிமையில் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் அடங்கா. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குறுகிய கயிற்றில் பிடித்தே நடக்க வேண்டும். பொன்னிற உப்புக்கொத்தி, குதிரைமூக்கு உள்ளான் குடும்பத்துப் பறவைகள் தரையிலேயே முட்டையிடும் காலம் அது.

கிண்டர் லோவிலிருந்து வந்த வழியே தெற்கே சற்றுத் திரும்பி, மேட்டின் தென்விளிம்பைப் பிடித்துக் கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். இனி எப்போதும் ஈடேல் பள்ளத்தாக்கு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அது இடப்புறமோ பின்புறமோ போய்விட்டால் உடனே நின்று வரைபடத்தைப் பாருங்கள். நோ ஸ்டூல், பிம் சேர் ஆகிய பாறைகளும், அவற்றுக்கு அப்பால் கம்பளிப் பொதிகளை இறைத்துவிட்டதுபோல் கிடக்கும் உல்பேக்ஸ் பாறைக் கூட்டமும் வழியை உறுதிசெய்யும் அடையாளங்கள். காற்றும் உறைபனியும் உருட்டிய கரடான மணற்கற்கள் அவை. இங்கே நேரம் செலவிடுங்கள். காற்றுக்கு மறைவாக அமர்ந்து உண்ண இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை.

கால் வைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். இங்குள்ள கரிய மண் பீட் எனப்படுவது. நீர் நிறைந்த நிலத்தில் ஸ்ஃபாக்னம் பாசி போன்றவை முழுதும் மக்காமல் படிந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் வளர்ந்தது. சுற்றியிருந்த தொழில் நகரங்களின் கந்தகப் புகை அந்தப் பாசியைக் கொன்றது. மூடாக்கை இழந்த மண் மழையில் கரைந்தோடியது. இயற்கையிடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் உடைமையாக 1982 முதல் உள்ள இம்மேட்டில், வாய்க்கால்களைக் கல்லாலும் மரத்தாலும் அடைத்து, பாசியை மீண்டும் நட்டு வருகிறார்கள். ஆகவே பலகைக் கல் பாவிய இடங்களில் கல்லின் மேலேயே நடங்கள். பாதையில் சேறு இருக்கிறதென்று பக்கத்துப் புல்லில் இறங்கினால், பாதை ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகும். பளிச்சென்ற பச்சை நிறத்தில் தெரியும் பாசிப் பரப்பின் மேல் கால் வைக்காதீர்கள். அடியில் நீர்தான் இருக்கும், பாசியும் நசுங்கும்.

க்ரோடன் ஓடையின் தலைப்பைக் கடந்து கிரிண்ட்ஸ்லோ நோல் குன்றை அடைந்தால் இறக்கம் தொடங்குகிறது. அருகிலுள்ள கிரிண்ட்ஸ்புரூக் பள்ளம் வழியாகவும் இறங்கலாம். அது பெரும் பாறைகளின் மேல் கையூன்றி இறங்கும் வழி, மழைநாளில் வழுக்கும். களைத்த கால்களுக்குக் குன்றின் வழியே ஏற்றது. செங்குத்தானாலும் தெளிவானது, நேரே ஈடேலில் கொண்டுவிடும்.

ஏறும்போதே ஈடேல் ராக்ஸ் பாறைகள் மேகத்துக்குள் மறைந்திருந்தால், திசைகாட்டியைக் கையாளத் தெரியாதவர் ஜேக்கப்ஸ் லேடர் வழியாகவே திரும்பிவிட வேண்டும். மேலே வழி தவறினால் அலையாமல் நின்று, கூடுதல் உடையை அணிந்து, வரைபடத்தில் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தைக் குறியுங்கள். யாருக்கேனும் காயம் பட்டால் 999 எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள். டார்ச் ஒளிக்கும் இதே முறைதான். மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்கள் வந்து சேரும் வரை காயமடைந்தவருக்கும் தரைக்கும் இடையே பையையோ உடையையோ விரித்து வையுங்கள். நனைந்த மண்தான் உடல் வெப்பத்தை முதலில் இழுக்கும்.